குத்தாத துணி

“குத்துது ஜெசி. கழட்டணும். இப்பவே கழட்டணும்.”

“எங்கே குத்துது? காட்டுங்க பார்க்கலாம். காலரா, கையா, முதுகா?” என்றாள் ஜெசிந்தா, பல்லைக் கடித்துக்கொண்டு, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பது போலத் தெரியட்டும் என்று உதட்டை மட்டும் அகட்டிக்கொண்டு. அவள் கணவர் அமலதாஸ் காட்டவில்லை. எங்கே என்று அவருக்குத் தெரிந்தால்தானே காட்ட. காலையில் வீட்டில் சட்டையை மாட்டிவிட்டபோது சொன்னதும் இதேதான், ஆட்டோவில் சொன்னதும் இதேதான், இந்த ஜவுளிக்கடை லிஃப்டில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவே நின்று சொன்னதும் இதேதான், ஒரு சொல் கூடாமல் குறையாமல், ஜெபமாலையில் ஒரு மணி நழுவி அடுத்த மணி வருகிற மாதிரி. போட்டிருப்பது என்ன, சாக்கா? பழைய பருத்திச் சட்டை, துவைத்துத் துவைத்து வெங்காயத் தோலாகிப்போனது. காலருக்குள் இருந்த விறைப்புத் துணியை அவளே பிளேடால் பிரித்து எடுத்துவிட்டாள். பின்கழுத்தில் இருந்த கம்பெனிச் சீட்டை நூல் நூலாகப் பிடுங்கிவிட்டாள். இன்னும் குத்துவதற்கு அதில் என்ன பாக்கி இருக்கிறது? அவருடைய வலது கை மெல்ல எழுந்து மேல் பட்டனுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். எதிர்க் கவுண்டரில் நின்ற புதுப்பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் புருஷன் விலாவில் இடித்துச் சிரித்தாள், இந்த வயசிலும் பாரேன் என்பது போல. சிரி. நன்றாகச் சிரி. உன் தாலியில் இன்னும் மஞ்சள்கூடக் காயவில்லை, உனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும். அந்தக் கை அவள் உள்ளங்கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது, மீனைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

கடைக்காரர் துணிகளை மேசைமேல் வீசிக்கொண்டிருந்தார். முபாரக் என்று சட்டைப்பையில் அட்டை. கட்டைப் பிடித்து ஒரு உதறு உதறினால் துணி நாலு முழம் ஓடி வந்து அவள் முன்னால் விழும். “இது வாயில் மேடம். இது கேம்பிரிக். இது சுத்த லினன். இது லினனும் காட்டனும் கலந்தது, சுருக்கம் விழாது.” சுருக்கம் விழாது என்றால் காற்றும் போகாது, அவளிடமா இந்தக் கதை? அவள் ஒவ்வொன்றையும் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள், பிறகு கன்னத்தில். கான்வென்ட்டில் தையல் வகுப்பெடுத்த மதர் பெனடிக்டா அப்படித்தான் பழக்கியிருந்தார். விரலை நம்பாதீர்கள் கேர்ள்ஸ், விரல் பொய் சொல்லும், கன்னம் சொல்லாது. லினன் கன்னத்தில் புல் மாதிரி உரசியது. கேம்பிரிக் தேவலை, ஆனால் புதுத் துணியின் விறைப்பு. வாயில் துணி கன்னத்தில் பட்டதே தெரியவில்லை, ஆனால் அடியில் கையை விட்டுப் பார்த்தால் மோதிரத்தின் கல் வரை தெரிந்தது. “இதைவிட மெலிசா, ஆனா உள்ளே தெரியாம இருக்கணும்.” “இதைவிட மெலிசுன்னா மேடம், காத்தைத்தான் வெட்டித் தரணும்.” “அதையே குடுங்க. அகலம் என்ன வரும்?” முபாரக் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கணக்கு அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மெலிசாகப் போட்டால் உடம்பு தெரியும், தெரியாமலிருக்க உள்ளே பனியன் போட வேண்டும், பனியன் போட்டால் குத்தும், குத்தினால் கழற்றுவார், கழற்றினால் உடம்பு தெரியும். எங்கே நுழைந்தாலும் அதே வாசலுக்குத்தான் வருகிறது. அந்தக் கான்வென்ட் விடுதியில் குளிக்கும்போதுகூடப் பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டி, அதற்குமேல் ஒரு ஷிம்மீஸ் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். தன் உடம்பைத் தானே பார்க்கக் கூடாது. இரவு உடைக்குள்ளேயே கையைச் சுருக்கி, ஒரு விரற்கடை தோல் வெளியே தெரியாமல் மொத்த உடையையும் மாற்றத் தெரியும் அவளுக்கு, இப்போதும் தெரியும். ஓடுகிற ரயிலில், கூட்டத்துக்கு நடுவில்கூட மாற்றுவாள். அந்த வித்தையை இன்னொருவர் உடம்புக்கு எப்படிச் செய்வது என்று மதர் பெனடிக்டா சொல்லித்தரவில்லை.

போன் அதிர்ந்தது. மகள் மெர்லின்தான், கீழே வாசலில் நிற்கிறாள். “மம்மி, அத்தை துவாக்குடி தாண்டிட்டாங்களாம்.” அத்தை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அத்தை. தஞ்சாவூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறாள் சம்பந்தியம்மாள், எமல்டா டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரானவள், இன்னும் அது தன் குரலுக்குத் தெரியாதவள். கல்யாணப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும், மாப்பிள்ளைக்குக் கோட்டு பெண் வீட்டார் எடுக்க வேண்டும், அது முறை, அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், அமலதாஸையும் இழுத்தாள். “அண்ணனையும் கூட்டிட்டு வாங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்கும் அண்ணனுக்கும் ஒரே துணியில கோட்டு எடுத்துடுவோம், மெர்லினைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றப்போ போட்டோவில ஜம்முன்னு இருக்கும்.” ஜம்முன்னு. கத்திரி வெயிலில், மே மாசம், மின்விசிறி எட்டாத கோயில் நடுவழியில், கம்பளிக் கோட்டு. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாளே. இப்போது துவாக்குடி என்றால் திருவெறும்பூர் வர எவ்வளவு நேரம், பால்பண்ணைச் சிக்னலில் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் தாமதமாகும், மாட்டிக்கொள்ளட்டும், மாதாவே, ஒரு லாரியாவது குறுக்கே நிற்கட்டும். அதற்குள் ஒரு துணி கிடைத்துவிட வேண்டும். கிடைத்துவிட்டால் கிழித்து அவர் தோளில் போட்டுக் காட்டி, இதுதான் எங்கள் முடிவு என்று சொல்லிவிடலாம். காலையில் மெர்லின் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள், “மம்மி, சொல்லிடலாம். உங்களால முடியலைன்னா நான் சொல்றேன்.” “என்னன்னு சொல்லுவ?” “டாடிக்கு மறதி நோய்னு.” “உன் டாடிக்கு வெயில் ஒத்துக்கலை. அவ்வளவுதான்.” “மம்மி, டாக்டர் சொன்னாரு.” “டாக்டர் உனக்குக் கல்யாணம் பண்ணி வைப்பாரா?” அந்தப் பெண் தட்டை எடுத்துக் கழுவிவைத்துவிட்டுப் போனாள், அதுதான் இன்னும் உறுத்துகிறது, எதிர்த்துக் கத்தியிருந்தால் தேவலை. அவளுக்கு என்ன தெரியும்? சொன்னால் முதலில் ஐயோ பாவம் என்பார்கள். அன்றைக்கு ராத்திரி தஞ்சாவூரில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். அறுபத்தொரு வயசில் அப்பனுக்கு இப்படியென்றால் மகளுக்கு? ரத்தத்தில் வருமா? கேட்பார்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்றால் அவளே ஏன் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்? டாக்டரிடம் எதையெதையோ கேட்டாள், தேங்காயெண்ணெய் தேய்க்கலாமா, முருங்கைக்கீரை கொடுக்கலாமா என்றெல்லாம் கேட்டாள், ரத்தத்தில் வருமா என்று மட்டும் கேட்கவில்லை. நாக்கு வரைக்கும் வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினாள்.

“மேடம், இந்த மல் பாருங்க. கைக்குழந்தைக்குச் சட்டை தைக்க எடுப்பாங்க. பெரியவங்களுக்கு யாரும் எடுக்க மாட்டாங்க.” மல் கன்னத்தில் பட்டதும் ஏதோ ஒன்று அவளுக்குள் தளர்ந்தது. தண்ணீரில் முகத்தை வைத்தது போல. ஆனால் உடனே அந்தக் கஞ்சி வாசனை. மில்லில் போட்ட கஞ்சி, புதுத் துணியின் பொய் மொடமொடப்பு. ஏழெட்டு முறை அலச வேண்டும், ஊறவைத்து, கசக்காமல், நிழலில். கல்யாணத் துணியில் தண்ணீர் படக் கூடாது, கோடியாகத்தான் உடுத்த வேண்டும் என்பார்கள் அவர் பக்கத்து உறவுக்காரர்கள். கிடக்கட்டும். அலசிக் காயவைத்து, கடை மடிப்பு விழுந்த இடத்தில் அதே மாதிரி இஸ்திரி போட்டு அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டால் சாமியார் துணியை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? கஞ்சி. அந்தச் சொல் வந்து மாட்டிக்கொண்டது, நகர மறுத்தது. முப்பது வருஷம் இந்த மனுஷனின் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதல் வேலை அது, சோறு வடித்த கஞ்சி, கொஞ்சம் நீலம், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் இஸ்திரி ஒட்டாது. காலர் கத்தி போல நிற்கும். பொன்மலை ரயில்வே ஆபீசில் அமலதாஸ் சார் சட்டை என்றால் பேர். இங்கே பாருங்க ஒரு சுருக்கமில்லை, உங்க வீட்டம்மா கைக்குத் தங்கக் காப்புதான் போடணும் என்று யாரோ சொன்னதாக அவரே வந்து சொல்லியிருக்கிறார், அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கால் தரையில் இல்லை. அந்தக் கழுத்தில் சாயங்காலம் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். வேர்க்குரு என்று நினைத்து பவுடர் போட்டுவிடுவாள். வேர்க்குருவா அது? ஒரு நாளாவது வாயைத் திறந்து குத்துது என்று சொன்னாரா? சாம்பாரில் உப்பில்லையென்றால் சொல்லாமல் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வருகிறவர். குளித்துவிட்டுக் குளியலறையிலிருந்தே மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர், பெற்ற பெண்ணே அவரைப் பனியனோடு பார்த்ததில்லை. அப்படியென்றால் அப்போதெல்லாம் குத்தியிருக்குமோ? முப்பது வருஷமும் குத்தி, முப்பது வருஷமும் விழுங்கி, இப்போது விழுங்கத் தெரியாமல் போய்விட்டதால் எல்லாம் சேர்ந்து வெளியே வருகிறதோ? சீ. என்ன யோசனை இது. வெயில் மண்டைக்கு ஏறினால் இப்படித்தான். “கிழிக்கட்டுமா மேடம்?” “பொறுங்க.”

பெரிய வியாழன் அன்றைக்கு மட்டும் எதைச் சொல்வது? அன்றைக்கு அவர் போட்டிருந்ததும் நல்ல மெல்லிய கதர்தான். பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவராக அவரைப் போட்டிருந்தார்கள், பங்கில் மரியாதைப்பட்டவர் என்று. பீடத்துக்கு முன்னால் வரிசையாக நாற்காலி. பூசைக்கு எடுத்துக்கொடுக்கிற கோயில்பிள்ளை வந்து காதில், “சார், செருப்பைக் கழட்டிடுங்க” என்றார். கழற்றினார். ஜோடியாக நாற்காலிக்குக் கீழே வைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பிறகு சட்டையின் பட்டன்களை, மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல். சட்டையை மடித்து முழங்கால்மேல் வைத்தார். பெண்கள் பக்கம் ஆறாவது பெஞ்சில் இருந்த ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவேயில்லை, இது யாருடைய தோள் என்றுதான் பார்த்தாள், இவ்வளவு வெள்ளையாக, வெயிலே படாத தோள். பனியனைத் தலைக்குமேல் இழுத்தபோதுதான் எழுந்தாள். அந்த நடுவழியில் அவள் நடந்த நடை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அத்தனை பேர் அவளைப் பார்த்திருக்க மாட்டார்கள். சாமியார் காலைத் துடைக்க வைத்திருந்த வெள்ளைத் துண்டை அவர் கையிலிருந்தே பிடுங்கி அமலதாஸின் தோளில் போட்டு மூடி, எழுப்பி, பீடத்துக்குப் பக்கத்துச் சக்ரீஸ்து அறை வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள். சுகர் இறங்கிடுச்சு என்று எல்லோருக்கும் சொன்னாள். அவருக்குச் சுகரே கிடையாது. வேப்பமரத்தடியில் உட்காரவைத்தபோது அவர் கேட்டார், “நான் சரியாத்தானே செஞ்சேன், ஜெசி? கழட்டச் சொன்னாங்களே?” அடுத்த வாரம் டாக்டர் படம் போட்டெல்லாம் விளக்கினார். துணியில் இல்லையம்மா விஷயம், தோலிலும் இல்லை, மூளைக்குப் போகிற சேதி பாதி வழியில் திரிந்துபோகிறது, கூட்டம், சத்தம், புது இடம் எல்லாம் அதிகமாக்கும், சுற்றியிருக்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், அதுதான் மருந்தைவிட முக்கியம். உங்க கூட யாராவது வந்திருக்காங்களா என்று கேட்டார். “நான்தான் அவர்கூட வந்திருக்கேன்” என்றாள். என் கூட யார் வருவார்கள்? துணியில் இல்லையாம். இவன் எந்தக் காலத்தில் துணி துவைத்தான், இவனுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? அன்று சாயங்காலமே அவள் பீரோவைக் காலி செய்து டெரிகாட்டன் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். பிறகு பாப்ளினை. பிறகு கதரை. ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் குத்துது ஜெசி. இருந்தாலும் அந்த இரண்டு நாள் இருந்தது. அது பொய்யில்லை. அப்படியென்றால் சரியான துணி எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

“ஜெசி. கழட்டணும்.” பார்த்தால் இரண்டு பட்டன் போயிருந்தது. யோசனையில் கை தளர்ந்த நேரத்தில், இடது கையால், வலது கையை அவளிடம் பணயமாக விட்டுவிட்டு. அவள் ஒன்றை மாட்டுவதற்குள் அவர் அடுத்ததைக் கழற்றினார். மாட்டினாள், கழற்றினார். சண்டை போலவே இல்லை, இரண்டு பேர் ஒரே வாத்தியத்தை வாசிப்பது போல இருந்தது. அப்போது லிஃப்ட் கதவு திறந்து அந்தக் குரல் வந்தது, மாடி முழுவதும் அசெம்பிளிக்கு நின்றுவிடும் போல. “சம்பந்தி! என்ன எங்களுக்கு முன்னாடியே வந்து கடையையே கவுத்துப்போட்டுட்டீங்க?” எமல்டா டீச்சர். மடிப்பு கலையாத காஞ்சிப் பருத்தி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஊக்கு, கையில் பேட்டரியில் சுழலும் குட்டி விசிறி. பின்னாலேயே மெர்லின், பார்வை நேராக அப்பாவின் நெஞ்சுக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் முகத்துக்கு வந்தது. ஜெசிந்தா மேசையில் கிடந்த மல்லை இழுத்தாள், அவர் கழுத்திலிருந்து இடுப்பு வரை போர்த்தினாள், “அளவு பார்த்துட்டிருக்கோம் டீச்சர்” என்றாள். சலூனில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார் அமலதாஸ். “அண்ணே, சௌக்கியமா?” “சௌக்கியம். உட்காருங்க” என்றார் அவர், தெளிவாக, கணீரென்று. இதுதான். இந்தக் குரல்தான் மூன்று மாசமாக அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நிச்சயத்தன்று சாயங்காலம் முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதைப் பார்த்துவிட்டு இந்த அம்மாள், “அண்ணன் எவ்வளவு நிதானம், பேச்சே அளந்துதான்” என்று மெச்சிக்கொண்டாள். பேச்சு அளந்துதான் வருகிறது, அதிலென்ன சந்தேகம்.

“என்ன சம்பந்தி, இது குழந்தைக்குத் தைக்கிற துணில்ல? யாருக்கு?” “அவருக்குத்தான். உள் சட்டைக்கு. வெயில் பாருங்க.” “வெயில் ஒருநாள் கூத்து. கோயில்ல அரைமணி, வரவேற்புல ஏசி. தம்பி, அந்த நேவி புளூ எடுங்க, அந்தக் கனமானது.” முபாரக் வீசினார். கோட்டுத் துணி மேசையில் விழுந்த சத்தமே வேறு, தொப்பென்று. ஜெசிந்தா அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோகவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவள் கழுத்தே அரித்தது. “லினன்ல எடுப்போம் டீச்சர், உள்துணி இல்லாம. இப்ப எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.” “லினனா? போட்ட பத்தாம் நிமிஷம் கசங்கிடும். பெண்ணோட அப்பா, பீடத்துக்கு முன்னாடி படுத்து எழுந்த மாதிரி நிக்கிறதா? எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ மூத்தவ கல்யாணத்துக்கு நல்ல கனமான கோட்டுதான் போட்டார், அதுவும் இதே மே மாசம். ஒரு வார்த்தை சொல்லலியே.” அவரும் சொல்லவில்லையா? ஊரில் ஒரு ஆண்பிள்ளையும் சொல்வதில்லை போலிருக்கிறது. “இவருக்கு ஆகாது டீச்சர்.” “ஏன், என்ன?” விசிறி ஜெசிந்தாவின் பக்கம் திரும்பியது. என்ன? கேட்டுவிட்டாள். மெர்லின் ஒரு அடி முன்னால் வந்தாள், வாயைத் திறந்தாள், அவளை அவள் அம்மா பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது. “வேர்க்குரு” என்றாள் ஜெசிந்தா. எமல்டா டீச்சர் சிரித்தாள். “வேர்க்குருவா! எண்ணெய்க் குளியல் ரெண்டு போட்டா ஓடிடும். இருங்க, போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். தம்பி, இதே துணியில ரெடிமேட் இருக்கா? இருக்கா! பாருங்க, இதுவே அண்ணனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. அண்ணே, அந்த ட்ரையல் ரூமுக்குள்ள போய்ப் போட்டுட்டு வந்து காட்டுங்க.” வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். மல் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கோட்டை வாங்கிக் கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு, முபாரக் காட்டிய கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. காலையிலிருந்து கெஞ்சி, அதட்டி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி, அவள் சொல் ஒன்றுக்கும் அசையாதவர், அந்நியப் பெண்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதும் எழுந்து போகிறார்.

கதவு மேலேயும் கீழேயும் மூடிய கதவு, பிளைவுட்டில் தேக்கு நிறச் சாயம். ஜெசிந்தா அதன் முன்னால் போய் நின்றாள், யதேச்சையாக நிற்பது போல. முதலில் துணி உரசுகிற சத்தம் கேட்டது. அது சட்டையாக இருக்கலாம். கோட்டாக இருக்கலாம். பெல்ட்டின் கொக்கி தரையில் பட்ட சத்தம் கேட்டது. கோட்டு போட்டுப் பார்க்க பெல்ட் எதற்கு? பெல்ட் எதற்கு? இப்போது கதவு திறந்தால், அவர் எப்படித் திறப்பார், எதோடு திறப்பார், எதிர்க் கவுண்டரில் அந்தப் புதுப்பெண் இன்னும் போகவில்லை, எத்தனை போன், எத்தனை கை, இன்று ராத்திரிக்குள் தஞ்சாவூர் முழுவதும். திறக்காதீர்கள். திறக்காமல் போனால்? உள்ளே விழுந்துவிட்டால்? திறங்கள். “என்னங்க, ஆச்சா?” என்றாள், கடையில் எல்லா மனைவிகளும் கேட்கிற குரலில். “அண்ணன் கண்ணாடி முன்னாடி நின்னு அழகு பாக்கிறார் போல” என்றாள் எமல்டா டீச்சர். கண்ணாடி. மூன்று சுவரிலும் கண்ணாடி இருக்குமே. அப்போது உள்ளேயிருந்து அவருடைய ஆபீஸ் குரல் கேட்டது, ஃபைலோடு வந்து நிற்பவரிடம் பேசுகிற மரியாதைக் குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. “நீங்க முதல்ல போட்டுக்குங்க சார். எனக்கு அவசரமில்லை. நீங்க முடிச்சதும் நான் போட்டுக்கிறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “பரவாயில்லை சார், நான் நிக்கிறேன்.”

“உள்ளே வேற யாராவது இருக்காங்களா?” என்றாள் எமல்டா டீச்சர். முபாரக் துணி மடிப்பதை நிறுத்தினார். இருக்கிறார்கள் என்று சொல்லலாம். போனில் பேசுகிறார் என்று சொல்லலாம், அவர் போன் இதோ அவள் கைப்பையில் இருக்கிறது, அதை யார் பார்த்தார்கள்? ஜெசிந்தாவுக்கு மூன்று பொய்கள் வரிசையாக, துணிக்கட்டுகள் மாதிரி அடுக்கித் தெரிந்தன, எதை இழுத்தாலும் வரும். ஒவ்வொன்றும் இன்றைக்குப் போதும். மே மாசம் நடுவழியில் அவர் மெர்லினின் கையை விட்டுவிட்டு முதல் பட்டனைத் தொடும்போது போதாது. கண்ணாடியில் இருக்கிற அந்த ஆளுக்காக, அந்த முன்பின் தெரியாத மனுஷனுக்கு வெட்கமாக இருக்கக் கூடாதே என்று, அரைகுறை உடுப்போடு மூலையில் ஒதுங்கி நிற்கிறார் உள்ளே. அந்த ஆள் போட்டு முடிக்கவே போவதில்லை. இவர் சாயங்காலம் வரை நிற்பார். மரியாதைக்காக நிற்பார். “யாரும் இல்லை டீச்சர்” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அரிசி விலை சொல்வது போல. “கண்ணாடியில இருக்கிறது தான்னு அவருக்குத் தெரியலை. மறதி நோய். டாக்டர் சொல்லியாச்சு. வேர்க்குரு இல்லை. உங்ககிட்டச் சொல்லணும்னு மெர்லின் காலையில அழுதா, நான்தான் விடலை.” மெர்லின் அழவில்லை, தட்டைக் கழுவினாள், ஆனால் அதுவும் ஒன்றுதான். குட்டி விசிறி எமல்டா டீச்சரின் கையில் சுழன்றுகொண்டிருந்தது, இப்போது யார் பக்கமும் திரும்பாமல், தரையில் கிடந்த மல் துணியின் ஓரத்தைப் படபடக்க வைத்துக்கொண்டு.

ஜெசிந்தா கதவைத் தட்டினாள். “என்னங்க, நான் ஜெசி. தாழ்ப்பாளைத் திறங்க.” மறுபடி தட்டினாள், உள்ளங்கையால், சத்தம் கேட்டு யார் திரும்பினால் என்ன என்று. திரும்பினார்கள். அந்தப் புதுப்பெண் சிரிக்கவில்லை. ஜெசிந்தா சம்பந்தியின் பக்கம் திரும்பினாள். இதுவரை யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாத நாக்கு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“டீச்சர், நான் கூப்பிட்டா அவர் வரமாட்டார். வெளியாள் சொன்னாத்தான் கேக்கிறார். நீங்க சொன்னீங்க, போனார். நீங்களே ஒருதரம் கூப்பிடுங்க. கோட்டு வேண்டாம், சட்டையும் வேண்டாம், எப்படி இருக்காரோ அப்படியே வரச் சொல்லுங்க.”

எமல்டா டீச்சர் கதவைப் பார்த்தாள். மெர்லினைப் பார்த்தாள். விசிறியை அணைத்தாள்.

“கூப்பிடுங்களேன், டீச்சர்.”